எஞ்சினைக் குளிராக்கிறது தெர்மோஸ்டாட் இல்லை

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறவர்களுக்கும், பழைய ஜப்பான் கார் ஒன்றை அப்படி ஆக்கிப் பார்க்கிறவர்களுக்கும் இங்கே இரண்டு அறிவுரைகள் இலவசமாகக் கிடைக்கும். ஒன்று: "எங்கட நாடு வெக்கை நாடு, தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறியுங்கோ." மற்றது: "71 பாகை தெர்மோஸ்டாட் ஒண்டு வாங்கிப் போடுங்கோ, எஞ்சின் குளிரா ஓடும்." இரண்டும் ஒரே தவறான விளக்கத்தில் இருந்துதான் வருகின்றன என்பது எங்கள் கருத்து.

தெர்மோஸ்டாட் ஒரு மெழுகுக் கதவு, அவ்வளவுதான். தண்ணீர் சூடாகும் வரை அது மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். அதில் பொறித்திருக்கிற வெப்பநிலை வந்ததும் மெழுகு விரிந்து கதவு திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்து, பதினைந்து பாகை வேண்டும். ஆகவே அந்த எண் எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவுக்கு மேலே ஏறலாம் என்பதைத் தீர்மானிப்பது ரேடியேற்றர், ஃபான், தண்ணீர்ப் பம்ப், ரேடியேற்றர் மூடி. 110 பாகையில் கொதிக்கப் போகிற எஞ்சினில் 71 உம் முழுக்கத் திறந்துதான் இருக்கும், 86 உம் முழுக்கத் திறந்துதான் இருக்கும். பிறகு என்ன வித்தியாசம்?

1997இல் வந்த கொர்வெட் சி5ஐப் பாருங்கள். கம்பெனி போட்ட தெர்மோஸ்டாட் 86 அளவில் திறக்கும். அதைக் கழற்றி 71 போடுவது அமெரிக்காவில் பலர் செய்கிற வேலை. ஆனால் அந்தக் காரின் ஃபான் 100 பாகை தாண்டிய பிறகுதான் சுழலத் தொடங்கும். நெடுஞ்சாலையில் ஓடும்போது முள் கீழே நிற்கும், மனசுக்கும் சந்தோசம். சிக்னலில் நின்றதும் அது பழையபடி ஏறிவிடும். ஃபானின் அமைப்பையும் கணினியில் மாற்றாவிட்டால் அந்தக் காசு வீண்.

அப்படியென்றால் குறைந்த எண்ணே தேவையில்லையா? தேவைப்படும் இடம் இருக்கிறது. பிஎம்டபிள்யூ ஒரே காலத்தில் விற்ற இரண்டு கார்களை எடுப்போம். சாதாரண 330ஐ காரில் 97 பாகை. எம்3 காரில் 80க்குக் கிட்ட. மெதுவாக ஓடும் காரில் சூடு கூடினால் ஒயில் இளகி உராய்வு குறையும், பெற்றோல் மிஞ்சும், புகையும் குறையும். 8000 சுற்று வரை மிதிபடுகிற எஞ்சினிலோ சூடு கூடினால் பெற்றோல் நேரத்துக்கு முன்னமே வெடித்துத் தட்டும், பிஸ்டன் போகும். கட்டுக்குருந்தையில் சுற்றுக்குச் சுற்று முழுசாய் மிதிக்கிறவருக்கு, டியூன் செய்து டர்போ அழுத்தம் கூட்டினவருக்கு, பத்துப் பாகை கீழே தொடங்குவது உண்மையான உதவிதான்.

ஆனால் எங்களில் பெரும்பாலானவர்களின் ஓட்டம் வீட்டிலிருந்து வேலைக்கு, வேலையிலிருந்து கடைக்கு. அந்தச் சின்ன ஓட்டத்தில் ஒயில் நன்றாகச் சூடாக வேண்டும். இல்லாவிட்டால் அதில் சேர்ந்த ஈரமும் பெற்றோலும் ஆவியாகாமல் கிடந்து சேறாகும். கணினியும் "எஞ்சின் இன்னும் சூடேறேல்லை" எண்டு நினைச்சுப் பெற்றோலைக் கூட்டிவிடலாம். சிலிண்டர் தேயும். தெர்மோஸ்டாட்டையே கழற்றினால் இதெல்லாம் இன்னும் மோசம். அதோடு சில எஞ்சின்களில் ரேடியேற்றருக்குப் போகாத குறுக்கு வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றரைத் தொடாமலே திரும்பி வரும். குளிராக்கப் போய்க் கொதிக்க வைத்த கதை!

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 வரை வழி திறக்கவில்லை. இப்போதும் வரியைக் கேட்டால் தலை சுற்றும். கையில் இருக்கிற எஞ்சினை இன்னும் பல வருசம் ஓட்டத்தான் போகிறோம். அதைத் தெரியாத்தனமாகத் தேய விடக்கூடாது.

எனவே, ரோட்டில் ஓடுகிற காருக்குக் கம்பெனி சொன்ன எண்ணே போதும். கார் கொதிக்கிறதா? முதலில் ரேடியேற்றர் அடைத்திருக்கிறதா, மூடி அழுத்தம் பிடிக்கிறதா, ஃபான் நேரத்துக்குச் சுழல்கிறதா, வெறும் தண்ணீருக்குப் பதில் கூலன்ட் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தெர்மோஸ்டாட்டை ஒரு சட்டித் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வையுங்கள். சொன்ன பாகையில் திறந்தால் அதில் பிழை இல்லை. திறக்காவிட்டால் அதே எண்ணில் புதுசு ஒன்று போட்டால் காணும். ரேஸ் ஓடுகிறவர் 71க்கும் 80க்கும் இடையில் ஒன்றைத் தெரியலாம்; ஆனால் ஃபான் அமைப்பு, டியூன், ஒயில் வெப்பமானி மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு.

"கழட்டி எறியுங்கோ" எண்டு யாரும் சொன்னால், கராஜிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏன் கொதிக்குது எண்டு பாத்தீங்களா அண்ணை?"