மேகம் தரையில்தான் இருக்கிறது

'படங்களையெல்லாம் கிளவுடில் போட்டு வைத்திருக்கிறேன்' என்று யாராவது சொன்னால், வானத்தை அண்ணாந்து பார்க்காதீர்கள். அந்த மேகம் தரையில்தான் இருக்கிறது. பொறியாளர்கள் தம் வரைபடங்களில் வலையமைப்பை மேக வடிவில் குறிப்பது வழக்கம். பெயர் அதிலிருந்து வந்தது.

உண்மையில் அது, ஆயிரக்கணக்கான கணிப்பொறிகள் இரவு பகலாக இயங்கும் ஒரு கட்டடம். அவற்றை இயக்க மின்சாரம் வேண்டும். சூட்டைத் தணிக்கக் குளிர்ந்த காற்றோ நீரோ வேண்டும். கல்யாணத்துக்குப் பாத்திரங்களை வாடகைக்கு எடுப்பதுபோல, கணிக்கும் திறனையும் சேமிக்கும் இடத்தையும் தேவையான அளவுக்கு இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறுகிறோம். அமேசான் நிறுவனம் 2006-ல் இவ்வாறு வாடகைக்கு விடத் தொடங்கியது. சொந்தமாகப் பெரிய கணிப்பொறி வாங்க முடியாதவர்களும் அதன் பயனைப் பெறுவது இதன் பெரும் நன்மை.

ஆனால் கட்டடம் என்றால் தீப்பிடிக்கவும் கூடும் அல்லவா? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் இத்தகைய ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். வைக்காத பலர் தம் தகவல்களை அடியோடு இழந்தார்கள்.

ஆகவே கிளவுடைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அதை மட்டுமே நம்பியிருக்காதீர்கள். 'என் தகவல் எங்கே இருக்கிறது? வேறு நகல் உண்டா?' என்று கேளுங்கள். அரிய படங்களுக்கும் பாடக் குறிப்புகளுக்கும் ஒரு நகல் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும்.