'டூ' எங்கே போடுவது?

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் பிரிவு)

மலருக்குக் கவிதை கேட்டார்கள். நம் டிபார்ட்மெண்டில் காதல் கவிஞர்களுக்குப் பஞ்சமில்லை என்பதால் நான் இங்கிலீஷ் கிராமர் எழுத வந்திருக்கிறேன். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது 36 புஷ் ஸ்கிராப் ஆன கதையும்கூட!

டிரெயினிங்கில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர் திருவொற்றியூர் அண்ணன் ஒருவர், காண்ட்ராக்ட் ஆள். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரம், தமிழ் தெரியாத ஷிப்ட் என்ஜினீயர் வந்தார். முதல் புஷ்ஷைக் கையில் எடுத்து, தூரத்தில் நின்ற இன்ஸ்பெக்ஷன்காரரைக் காட்டி, "ஹேவ் ஹிம் செக் இட்" என்றார். என் காதில் விழுந்தது 'ஹேவ்', 'செக்' இரண்டுதான். 'அவர் செக் பண்ணிட்டாரா?' என்று கேட்கிறார் போலிருக்கிறது என நினைத்து, தைரியமாக "யெஸ் சார்" என்றேன். அவர் போய்விட்டார். அண்ணன் திரும்பி வந்தார். "சார் ஓகே சொல்லிட்டாருண்ணா" என்றேன். லாட் ஓடியது.

பிறகு பிளக் கேஜ் போட்டால் 'நோ-கோ' பக்கமும் சுலபமாக உள்ளே போகிறது! போர் சைஸ் குறைந்திருந்தால் மறுபடி கடைந்துவிடலாம். கூடிப்போனதை என்ன செய்வது? அண்ணனுக்கு அரைநாள் கூலி பிடித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, நான் டிரெயினி. அவர் திட்டக்கூட இல்லை. "புரியலன்னா புரியலன்னு கேளு தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து இந்த 'ஹேவ் ஹிம்', 'லெட் ஹிம்', 'மேக் ஹிம்' கூட்டத்தை நான் விடவில்லை. இவற்றுக்குப் பின்னால் வரும் வினை மொட்டையாக வரும், 'டூ' சேராது என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கிறது. நாமும் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறோம். இண்டர்வியூவில் உட்கார்ந்ததும் "லெட் மி டூ எக்ஸ்ப்ளெய்ன்" என்கிறோம். எதிரில் இருப்பவர் உதட்டுக்குள் சிரிக்கிறார். தமிழ் மீடியத்தில் படித்த பையனுக்கு அந்தச் சிரிப்பு போதும். அதற்கப்புறம் டார்க், தெர்மோடைனமிக்ஸ் எதுவும் வாயில் வராது.

ஆனால் நண்பர்களே, இந்த விதி நமக்குத் தெரியாத விதியா? வண்ணாரப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனில் ஒரு சாயங்காலம் நின்று கேளுங்கள். "எறங்கறவங்கள மொதல்ல எறங்க வுடுப்பா!" இதுதான் 'லெட் தெம் கெட் டவுன்'. 'எறங்க' என்று மொட்டையாகத்தான் சொல்கிறோம். "எறங்கறதுக்கு வுடுப்பா" என்று எவனாவது சொல்வானா? சொன்னால் ஊருக்குப் புதுசு என்று தெரிந்துவிடும். 'லெட் ஹிம் டூ கோ' என்பது இங்கிலீஷ்காரன் காதில் விழுவது இப்படித்தான்: 'அவன போறதுக்கு வுடு'!

நம்மிடமும் இரண்டு வடிவம் உண்டு. 'போக' ஒன்று, 'போறதுக்கு' இன்னொன்று. நேற்று வந்ததில்லை இது. தொல்காப்பியர் வினையெச்ச வாய்பாடுகளை வரிசைப்படுத்தும்போது 'செய', 'செயற்கு' இரண்டையுமே சேர்த்துச் சொல்கிறார். 'செயற்கு' என்பதில் வால்போல் ஒட்டியிருக்கும் 'கு'வைப் பாருங்கள். இங்கிலீஷ் 'டூ'வும் முதலில் அப்படி 'கு' மாதிரி திசை காட்டிய சொல்தான். பிறகுதான் வினைக்கு முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது. மொட்டை வடிவம்தான் அங்கே மூத்தது. லெட், கேன், மஸ்ட் போன்ற அன்றாட வினைகளுக்குப் பின்னால் அது அப்படியே தங்கிவிட்டது.

இன்னும் கேளுங்கள். 'பர்மிட்' போட்டால் 'டூ' வரும். நாமும் "போறதுக்கு பர்மிஷன் குடு" என்கிறோம். 'ஹெல்ப்' போட்டால் 'டூ' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. நாமும் "தூக்க ஹெல்ப் பண்ணு", "தூக்கறதுக்கு ஹெல்ப் பண்ணு" என்று இரண்டும் சொல்கிறோம். இதை முதலில் கவனித்தபோது எனக்குப் புல்லரித்துவிட்டது. (என் ரூம்மேட்டுக்கு இல்லை. அவன் தூங்கப் போய்விட்டான்.)

'லெட்'டுக்குப் பிறகு 'ஐ' வருமா, 'மி' வருமா என்பதும் அப்படித்தான். "நான் வுடு" என்று யாரும் சொல்வதில்லை, "என்ன வுடு" என்றுதான் சொல்கிறோம். நான் 'என்னை' ஆகிறேன், ஐ 'மி' ஆகிறது. ஓர் இடத்தில் நம் தமிழ் இங்கிலீஷைவிட நுட்பமாகவே இருக்கிறது. 'லெட் அஸ் கோ' என்றால் 'எங்களைப் போக விடுங்கள்' என்றும் ஆகும், 'நாம் போகலாம்' என்றும் ஆகும். பேச்சில் 'லெட்ஸ்' என்று சுருக்கினால்தான் இரண்டாவது அர்த்தம் உறுதி. நமக்கு அந்தக் குழப்பமே கிடையாது. நாம் வேறு, நாங்கள் வேறு.

சரி, என் 36 புஷ்ஷைக் கவிழ்த்த 'ஹேவ் ஹிம் செக் இட்'? "அவர வுட்டு செக் பண்ணு"! 'ஆள வுட்டு அடிச்சான்' என்று பேட்டையில் சொல்கிறோமே, அதே 'வுட்டு'. இதை யாராவது ஒருமுறை சொல்லிக் கொடுத்திருந்தால் அண்ணன் கூலி தப்பியிருக்கும்.

எல்லா இடத்திலும் இந்தக் கணக்கு சரிவராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "அவன வரச் சொல்லு" என்று நாம் மொட்டையாகச் சொல்லும் இடத்தில் இங்கிலீஷ் 'டெல் ஹிம் டூ கம்' என்று 'டூ' கேட்கிறது. 'மேக் ஹிம் வெயிட்' என்பதைத் திருப்பிப் போட்டால் 'ஹி வாஸ் மேட் டூ வெயிட்' என்று ஓடிப்போன 'டூ' திரும்பி வந்துவிடுகிறது. இவற்றைத் தனியாகப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் படிக்க வேண்டியது இவ்வளவுதான் என்று தெரிந்தால் பயம் பாதி குறையாதா?

இங்கிலீஷ் வகுப்பில் "தமிழ் பேசாதே" என்கிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கையில் இருக்கும் வெர்னியரைப் பூட்டி வைத்துவிட்டு 'அளந்து காட்டு' என்றால் எப்படி? எதிரே இருப்பவனிடம் இங்கிலீஷில் பேசட்டும், சரி. விதியைப் புரிந்துகொள்ளும் பத்து நிமிஷமாவது, நம் வீட்டில் பேசும் தமிழைப் பலகையில் எழுதவிடுங்கள். 'வுடு' என்று கொச்சையாக எழுதினாலும் பரவாயில்லை.

சென்ற செமஸ்டரில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சாயங்காலம் லேப் வாசலில் இண்டர்வியூ பழகினோம். யாராவது "லெட் மி டூ..." என்று ஆரம்பித்தால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும்: "போறதுக்கு வுடு!" பேசுகிறவன் சிரித்துக்கொண்டே அந்த 'டூ'வை விழுங்கிவிட்டு மேலே பேசுவான்.