நீக்கப்பட்ட வீரர்

வெற்றியைத் தாங்குவதற்கும் ஓர் உரம் வேண்டும். விலக்கப்படுதலைத் தாங்குவதற்கோ அதனினும் பெரிய உரம் வேண்டும். இவ்விரண்டையும் கண்ட ஒருவரை இவ்வாரம் நம் மாணவர்க்கு அறிமுகஞ் செய்ய விரும்புகின்றோம். அவர் நெதர்லாந்து நாட்டு ஹொக்கி வீரர் தூன் டி நோயர்.

1976ஆம் ஆண்டிற் பிறந்த இவர், பதினெட்டாவது வயதிலேயே தேசிய அணியில் இடம் பெற்றார். 1996இல் அத்லாந்தாவிலும் 2000இல் சிட்னியிலும் நடைபெற்ற ஒலிம்பிக் விழாக்களில் அவ்வணி தங்கப் பதக்கம் வென்றது. இடையே, 1998இல், உட்ரெக்ட் நகரில் ஸ்பெயினுடன் உலகக் கிண்ண இறுதியாட்டம் நிகழ்ந்தது. மேலதிக நேரத்தில் முதற் கோலைப் போடும் அணியே வென்றதாகும் என்பது அக்கால விதி. அந்தக் கோலைப் போட்டவர் டி நோயரே. அதே விதி 2004இல் ஏதென்சில் அவருடைய அணிக்கு எதிராகத் திரும்பிற்று. மேலதிக நேரத்தில் அவுஸ்திரேலியா போட்ட கோலினால் தங்கம் கை நழுவி, வெள்ளியே எஞ்சியது. எனினும் அவர் திறமை மங்கவில்லை. 2003, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் உலகின் சிறந்த ஹொக்கி வீரர் என்ற விருது அவரையே சார்ந்தது.

இத்தகையவரை, 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் ஒலிம்பிக் விழாவுக்குச் சில மாதங்களே இருக்கையில், பயிற்சியாளர் அணியினின்றும் நீக்கினார். அப்பொழுது அவருக்கு வயது 35. அந்த வயதில், அத்தனை பதக்கங்களை வைத்துக்கொண்டு, மட்டையைக் கீழே வைத்திருந்தால் யார் குறை கூறுவர்? அவரோ தம் கழகமாகிய புளூமென்டாலுக்கு ஆடி வந்தார். சில மாதங்களில் தேசிய அணி அவரை மீண்டும் அழைத்தது. இலண்டனில் இறுதியாட்டம் வரை சென்ற அவ்வணி, ஜேர்மனியிடம் 2க்கு 1 என்ற கணக்கில் தோற்று வெள்ளி பெற்றது. அது அவர் கண்ட ஐந்தாவது ஒலிம்பிக். அனைத்துலக ஆட்டங்களில் அவர் நாட்டுக்காக ஆடியவை 453.

அவருடன் நீக்கப்பட்ட தேக்கே தேக்கமாவும் சிறந்த வீரரே. அவருக்கு இலண்டன் செல்லும் வாய்ப்புக் கிட்டவில்லை. ஆதலின், பொறுத்தவர் யாவரும் பரிசு பெறுவர் என்று நாம் மாணவர்க்கு உறுதி கூறமாட்டோம். அழைப்பு வருதலும் வராமையும் பிறர் கையில் உள்ளன. அது வரும் நாளில் ஆயத்தமாய் இருத்தல் ஒன்றே நம் கையில் உள்ளது. கல்லூரி அணியிற் பெயர் விடுபட்ட மாணவனும், தேர்விற் பின்தங்கிய மாணவியும் இதனை மனத்திற் கொள்வாராக.