மறுக்க வல்ல மன்றம்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து கலையும் வேளையில், அன்பர் ஒருவரின் மகள், பள்ளி இறுதி வகுப்பு மாணவி, நம்மிடம் ஒரு வினா எழுப்பினாள். "சீனத்திலும் பாராளுமன்றம் இருக்கிறதாமே, மாமா! பிறகு அதைச் சர்வாதிகாரம் என்பானேன்?" விடை கூற முற்பட்ட நாம் தடுமாறினோம். வீடு திரும்பிச் சிந்தித்ததை ஈண்டு எழுதுகின்றோம்.

பெயரளவில் நோக்கின் குறையொன்றுமில்லை. தேசிய மக்கள் பேரவையே உச்ச அதிகாரம் படைத்தது என்று அந்நாட்டின் 1982ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கூறுகின்றது. உறுப்பினர் ஏறத்தாழ 3,000 பேர். ஆயினும் அவர்களை மக்கள் நேரே தேர்ந்தெடுப்பதில்லை, கீழ்ப்பேரவைகளே அனுப்புகின்றன. முழுப் பேரவை ஆண்டிற்கொரு முறை சில நாட்களே கூடும். 2018 மார்ச்சில், நாட்டுத் தலைவரின் பதவிக்கால வரம்பை நீக்கும் திருத்தத்திற்கு ஆதரவு 2,958 வாக்குகள், எதிர்ப்பு இரண்டே. (அவ்விருவரின் துணிவை மெச்சத்தான் வேண்டும்!) 1992இல் மூன்று பள்ளத்தாக்கு அணைத் திட்டத்தின்போது 177 பேர் எதிர்த்தனர், 664 பேர் நடுநிலை வகித்தனர். அவர்களுக்கு அது பெரிய கலகமே. எனினும் தீர்மானம் நிறைவேறியது, அணையும் எழும்பிற்று.

இனித் தில்லிக்கு வருவோம். 1999 ஏப்ரல் 17 அன்று வாஜ்பாய் அமைச்சரவையின் மீது மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. தமிழகக் கட்சியொன்று ஆதரவை விலக்கிக்கொண்டதன் விளைவு அது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. ஒரே வாக்கு! பிரதமர் அன்றே பதவி விலகல் கடிதம் அளித்தார். பச்சைக் கொடி மட்டும் வைத்திருக்கும் கார்டை நம் ரயில்வேயில் எந்த வண்டியிலும் ஏற்றமாட்டார்கள். சிவப்பும் கையிலிருக்க வேண்டும்.

ஆனால் அம்மாணவிக்கு இதை மட்டும் சொல்லிப் பெருமை கொள்வது நேர்மையன்று. 1975இல் நெருக்கடி நிலையின்போதும் இருந்தது இதே பாராளுமன்றந்தான். எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் சிறையிலிருக்க, பிரதமரின் தேர்தலை நீதிமன்றம் விசாரிக்கலாகாது என்னும் 39ஆம் திருத்தம் ஆகஸ்ட் 7இல் மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்பமும் பெற்றது. நான்கே நாட்கள்! நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாதென்றது. 1977 மார்ச்சுத் தேர்தலில் பிரதமரே தம் தொகுதியில் தோற்றார்.

அடுத்த கூட்டத்தில் 1999ஐயும் 1975ஐயும் சேர்த்தே அவளிடம் சொல்ல எண்ணியுள்ளோம்.