ஆயில் லைட் எரிந்தால் சென்சார்தான் காரணமா?

கேள்வி: மிளகும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மலையிறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் என் பழைய டீசல் பிக்கப்பில் ஆயில் லைட் விட்டுவிட்டு எரிகிறது. காரவள்ளி தாண்டிச் சமதளத்துக்கு வந்ததும் அணைந்துவிடுகிறது. ‘சென்சார் போய்விட்டது, மாற்றிவிடலாம்’ என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
- வாசகர், செம்மேடு, கொல்லிமலை.

பதில்: வேளாண் அலுவலரிடம் வண்டிக் கேள்வியா என்று சிலர் நினைக்கலாம். மலையில் விளைந்தது சந்தைக்குப் போவது இந்த வண்டிகளில்தானே! டிராக்டர் வைத்திருப்பவர்களும் படியுங்கள்.

உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. வளைவில் எரிகிறது, சமதளத்தில் அணைகிறது. கெட்டுப்போன சென்சாருக்கு மேடும் பள்ளமும் தெரியாது. ஆனால், அடியில் இருக்கும் சம்ப்பில் ஆயில் குறைந்திருந்தால், வண்டி முன்பக்கம் சரிந்து திரும்பும்போது அது ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை இழுக்கும்; அழுத்தம் விழும்; லைட் எரியும். 70 வளைவுகளிலும் இப்படி நடந்தால் பேரிங் தேய்ந்து, ஒருநாள் இன்ஜின் இறுகிவிடும். மிளகுக்கொடியில் வேர் அழுகி இலை மஞ்சளாகும்போது இலைக்கு மருந்தடிப்பதைப் போன்றதுதான், பார்க்காமல் சென்சாரை மாற்றுவது.

லைட் எரிந்ததும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். ‘இன்னும் நாலு வளைவுதானே’ என்று ஓட்டாதீர்கள். சமமான இடத்தில் பத்து நிமிடம் விட்டு, அளவுக்கம்பியைத் துடைத்துச் செருகி எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு அருகில் இருந்தால், வண்டிக்கு உரிய தர ஆயிலை மேல்கோடு வரை ஊற்றுங்கள். அதைத் தாண்டி ஊற்ற வேண்டாம். கம்பியில் டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணீராக இருந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, டீசல் எங்கே கசிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அளவு சரியாக இருந்தும் எரிந்தால்தான் சென்சார் பக்கம் வர வேண்டும். பழைய வண்டிகளில் இருப்பது ஒற்றை வயர் கொண்ட சாதாரண ஸ்விட்ச். அழுத்தம் இல்லாதபோது வயரை இன்ஜின் உடம்போடு இணைத்து லைட்டை எரிய வைக்கும். ஏறத்தாழ 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் வந்ததும் இணைப்பை விட்டுவிடும். டயருக்கு 30க்கு மேல் காற்றடிக்கிறோம். அப்படியென்றால் இது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். ஓடும் இன்ஜினில் லைட் எரிவது உண்மையானால், அழுத்தம் அந்த அளவுக்கும் கீழே விழுந்துவிட்டது என்றே பொருள்.

இன்ஜினை ஓடவிடாமல் சாவியை மட்டும் போட்டு அந்த வயரைக் கழற்றுங்கள். லைட் அணையாவிட்டால், வயர் எங்கோ உரசி உடம்பில் படுகிறது. அணைந்தால் வயரில் குறையில்லை. குறை ஸ்விட்சிலா, அழுத்தத்திலா என்பதை ஸ்விட்ச் இருந்த துளையில் அழுத்தமானியை மாட்டித்தான் சொல்ல முடியும். இன்ஜின் சூடான பிறகு, மெதுவான ஓட்டத்திலும் வேகத்திலும் அளந்து, வண்டிக் கையேட்டோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் ‘சென்சார்தான்’ என்று சொல்லும் மெக்கானிக்கை நான் நம்பமாட்டேன்.

அழுத்தம் சரியாக இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். இன்ஜின் ஆறியபின், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, ஆழமான பாக்ஸ் ஸ்பானரால் பழையதை எடுக்க வேண்டும். கொஞ்சம் ஆயில் வழியும், துணி வையுங்கள். புதியது அதே மரை, அதே பாக எண்ணில் இருக்கட்டும். மரையில் டேப்பை அள்ளிச் சுற்றக் கூடாது. ஒற்றை வயர் ஸ்விட்சுக்கு அந்த மரை வழியாகத்தான் எர்த் கிடைக்கிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் இன்ஜின் பிளாக்கின் மரை போய்விடும். பிறகு ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் கசிவு பாருங்கள்.

புதிய பி.எஸ்.6 வண்டிகளில் இரண்டு மூன்று வயர் கொண்ட சென்சார் இருந்தால், வயரைக் கழற்றி உடம்பில் தொட்டுப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். கணினிப் பெட்டி கெட்டுவிடும். ஸ்கேனர் உள்ளவரிடம் போங்கள்.

இன்னொன்று. டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டுகிறவர்கள் மலையில் உண்டு. அப்போது பம்ப் சுற்றாது. லைட் எரியத்தான் செய்யும். நீங்கள் அப்படி ஓட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் அப்போது போய்விடும் என்பதால், ஓட்டினால் இன்றே நிறுத்துங்கள். அளவுக்கம்பியில் ஆயில் எந்தக் கோட்டில் இருந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.