ஓவியம் பயில்வது ஏன்?

நாமக்கல் நகரின் நடுவே ஒற்றைப் பாறையாகக் குன்று ஒன்று ஓங்கி நிற்கிறது. அதன் உச்சியில் கோட்டை. அடிவாரத்தில் ஒருபுறம் நரசிம்மர் குடைவரை, மறுபுறம் அரங்கநாதர் குடைவரை. இரணியனை மடிமீது கிடத்திப் பிளக்கும் நரசிம்மமும், ஓரடியை வானுற உயர்த்திய உலகளந்த பெருமானும், பாம்பணையில் பள்ளிகொண்ட பெருமானும் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக அப்பாறையில் உறைகின்றனர். அதியர் குலத்தார் ஆண்ட காலத்துச் சிற்பிகளின் உளிநயம் அது. இத்தகைய ஊரில் வளரும் சிறுவன் ஒருவனுக்குக் கலையின் முதற்பாடம் பள்ளிக்கூடத்தில் தொடங்க வேண்டுவதில்லை. நாள்தோறும் நடக்கும் தெருவிலேயே தொடங்கிவிடுகிறது.

அவ்வூருக்கு அணித்தே காவிரிக்கரையில் அமைந்தது மோகனூர். அங்கே 1888ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19ஆம் நாள் பிறந்தவர் வெ. இராமலிங்கம் பிள்ளை. தந்தையார் காவல்துறையில் தலைமைக் காவலர். சேலத்திலிருந்து நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அவர் பிறந்த நாளில் இரண்டும் ஒரே மாவட்டம். 1930இல் வேதாரணியத்தை நோக்கி உப்பெடுக்கச் சென்ற தொண்டர்களின் நடைக்கு வலிமை தந்தது அவர் பாட்டு. 1949இல் அவர் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரானார். 1971இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 'நாமக்கல் கவிஞர்' என்றே தமிழ்நாடு அவரை அறியும். ஆனால், கவிஞர் என்று பெயர் பெறுவதற்கு முன்னரே அவர் ஓவியர் என்று பெயர் பெற்றிருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிட்டனர். மறதிக்குக் காரணம் எளிது. பாட்டு வாய்க்கு வாய் பரவும். ஓவியமோ தொங்கவிட்ட சுவரை விட்டு நகராது.

அவர் காலத்தில் ஓவியம் கற்க விரும்பிய தென்னாட்டு இளைஞனுக்குச் சென்னைக் கலைப்பள்ளி இருந்தது. 1850இல் மருத்துவர் அலெக்சாந்தர் ஹண்டர் தொடங்கிய பள்ளி அது. மோகனூர்ச் சிறுவனுக்குச் சென்னை எட்டாத தொலைவு. அவர் கற்றது நாமக்கல்லிலும் கோயம்புத்தூரிலும் பள்ளிப் படிப்பு. திருச்சிராப்பள்ளியில் கல்லூரிப் படிப்பு. வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராகச் சில நாள் இருந்தார். தொடக்கப்பள்ளி ஆசிரியராகவும் இருந்தார். இவற்றுக்கிடையே தூரிகையை விடாது பற்றினார். அவர் வரைந்து முதன்முதலாக விலைபோன படம் இராமகிருஷ்ண பரமஹம்சரின் உருவம் என்பர். 1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்குத் தில்லியில் முடிசூட்டு விழா நிகழ்ந்தது. அதனையொட்டி மன்னரைக் குறித்து அவர் தீட்டிய ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது இருபத்து மூன்று அளவே. அன்னிய அரசனை வரைந்த அதே கை, பின்னாளில் அவ்வரசை எதிர்த்து எழுதியது. 1932இல் ஓராண்டு சிறையும் கண்டது. பதக்கத்தைக் கொண்டு அவரைப் புகழ்வோர் இதனையும் சேர்த்தே சொல்லுதல் நேர்மை. பதக்கம் ஒரு கையின் தேர்ச்சிக்குச் சான்று, அவ்வளவே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஆசானின்றி ஒருவர் இத்துணை தேர்ச்சி பெற்றார் எனின், ஓவியத்தைப் பள்ளியில் பயில்வது எதற்கு? 'வரையும் கை பிறவியிலேயே வரவேண்டும். வராதவனுக்குக் கற்பித்துப் பயனில்லை. வந்தவனுக்குக் கற்பிக்கத் தேவையில்லை' என்று பேசுவார் பலர். கேட்பதற்குச் செவ்வையாகத் தோன்றும் இக்கூற்று, எண்ணிப் பார்த்தால் பிழையுடையது. தாமே கற்றவர் என்பதற்குக் கல்லாதவர் என்பது பொருளன்று. ஆசானும் மாணவனும் ஆகிய இரு சுமைகளையும் ஒரே தோளில் தாங்கியவர் என்பதே பொருள். பத்து நாளில் ஒருவர் சொல்லித் தரக்கூடியதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்துத் திங்கள் ஆகியிருக்கக்கூடும்.

கிளிமானூர் இரவிவர்மரை நினைக்கலாம். 1848இல் பிறந்த அவரும் இளமையில் கரித்துண்டால் சுவரில் கிறுக்கியவரே. ஓவியப் பயிற்சியுடைய மாமன் ஒருவர் அவருக்கு வாய்த்தார். திருவனந்தபுரம் அரண்மனையின் ஆதரவும் கிட்டியது. எனினும், எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தை அவருக்கு மனமுவந்து சொல்லித் தருவார் இல்லை. அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர், தாம் வரைவதைப் பக்கத்திலிருந்து பார்க்க மட்டும் இசைந்தார். பார்த்ததை மனத்தில் வாங்கி, தனியே வரைந்து வரைந்து, அந்நுட்பத்தை இரவிவர்மர் தமதாக்கினார். கற்பிக்க மறுக்கப்பட்ட ஒருவர் அவ்வளவு உயர்ந்தாரே என்று வியப்பவர், மறுக்கப்பட்டதால் உயராமலே போனவர் எத்தனை பேர் என்பதையும் எண்ண வேண்டாவா?

கடல் கடந்த நாட்டிலும் இக்கதை உண்டு. ஆலந்து நாட்டு வின்சென்ட் வான்கோ ஓவியராவதென்று துணிந்தது 1880இல், தம் இருபத்தேழாம் வயதில். அவர் முதலில் செய்த வேலை என்ன? பார்க் என்பவர் பயிற்சிக்கென வெளியிட்ட ஓவியத் தாள்களை எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வரைந்ததுதான். முடித்தபின் மீண்டும் முதலிலிருந்து வரைந்தார். 1886இல் ஆண்ட்வெர்ப் நகரத்துக் கலைக்கழகத்தில் சேர்ந்தும் பார்த்தார். அங்கே நெடுநாள் நிலைக்கவில்லை. 1890இல் அவர் மறைந்தபோது எண்ணூற்றுக்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள் எஞ்சியிருந்தன. பத்தே ஆண்டுகளில் விளைந்தவை அவை. அவற்றின் அடியில் அந்தப் பயிற்சித் தாள்கள் கிடக்கின்றன. காண்போர்க்கு அவை தோன்றுவதில்லை.

ஆதலின், ஓவியம் பயில்வதன் முதற்காரணம் கையைப் பழக்குவது அன்று; கண்ணைப் பழக்குவது. பழந்தமிழர் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்று அழைத்தனர். எவ்வளவு பொருத்தமான பெயர்! தூரிகையையும் வண்ணத்தையும் விட்டுக் கண்ணைச் சொன்னார்கள்.

ஒரு குடத்தை எடுத்துக்கொள்க. வீட்டுத் திண்ணையில் இருக்கும் அக்குடத்தை வரையச் சொன்னால், பயிலாத மாணவன் அதன் வாயை முழு வட்டமாக வரைவான். அடியை நேர்கோடாக வரைவான். குடத்தின் வாய் வட்டம் என்று அவன் அறிவு சொல்கிறது; குடம் தரையில் நேராக உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்கிறது. அவன் வரைந்தது கண்ட குடத்தை அன்று, அறிந்த குடத்தை. உண்மையில், சற்று மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு வாய் நீள்வட்டமாகவே தோன்றும். அடியும் வளைந்தே தோன்றும். குடம் கண்மட்டத்துக்கு உயர உயர அந்நீள்வட்டம் ஒடுங்கும். கண்மட்டத்தை எட்டியதும் ஒரே கோடாகிவிடும். இதனை ஒருமுறை கண்டுகொண்டவன் பின்னர்க் கிணற்றின் விளிம்பையும், வண்டிச் சக்கரத்தையும், சோற்றுத் தட்டையும் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறான்.

முகம் வரைவதிலும் அவ்வாறே. தொடக்கக்காரர் கண்களைத் தலையின் உச்சிக்கு அருகே வைத்துவிடுவர். நெற்றியில் காண்பதற்கு ஒன்றும் இல்லாமையால் மனம் அதனைச் சுருக்கிவிடுகிறது. அளந்து பார்த்தால், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறத்தாழ நடுவே கண்கள் அமைந்திருத்தல் புலனாகும். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பெருவிரலால் அளவெடுக்கும் பழக்கம் இதற்காகவே ஏற்பட்டது. நிழலைக் கருமை என்று எண்ணிக் கரியைப் பூசுவதும் அத்தகைய பிழையே. வெயில் காயும் சித்திரைப் பகலில் வேப்பமரத்து நிழலை உற்று நோக்கினால், அதில் வானத்தின் நீலம் கலந்திருத்தல் தெரியும். 'நான் அறிவேன்' என்னும் மனத்தின் செருக்கை நாள்தோறும் தாளின்மேல் தோற்கடிக்கும் பயிற்சி இது. கணக்கும் அறிவியலும் பயில்வோர்க்கும் இதனினும் சிறந்த துணை கிடைத்தல் அரிது. செடியின் இலை எதிரெதிரே அமைந்ததோ மாறி மாறி அமைந்ததோ என்பது, அதனை வரைய அமர்ந்தவனுக்கு ஐயமின்றித் தெரிந்துவிடும்.

'இதனால் சோறு கிடைக்குமா?' என்று பெற்றோர் கேட்பர். கேட்பது குற்றமன்று, மழை பொய்த்தால் காடு விளையாத மேட்டு நிலத்தில் அது நியாயமான கேள்வி. விடை அம்மண்ணிலேயே இருக்கிறது. சேலத்துத் தறிகளில் நெய்யப்படும் சேலையின் கரையில் ஒரு மயிலோ மாங்காயோ பூப்பதற்கு முன்னர், யாரோ ஒருவர் அதனைக் கட்டமிட்ட தாளில் வரைந்திருக்கிறார். எந்தக் கட்டத்தில் பாவு இழை எழ வேண்டும், எதில் தாழ வேண்டும் என்பதை அத்தாள் சொல்லும். அதன்படி அட்டையில் துளையிட்டு ஜக்கார்டு பொறியில் கோப்பர். வரைபவர் ஒரு கட்டம் தவறினால் மயிலின் கழுத்து ஒடிந்துவிடும். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில், பின்புறப் பலகையில் தாமரையும் கழுகும் தீட்டுவோர் பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்துக் கற்றவர்களே. 1930களில் சேலத்தில் எழுந்த மாடர்ன் தியேட்டர்ஸ் படநிலையத்தில், அரண்மனையும் கானகமும் திரைச்சீலையிலும் பலகையிலும் ஓவியர் கையால்தான் உயிர்பெற்றன. கணிப்பொறி வந்தபின் தூரிகை வேலை குறைந்தது மெய். ஆனால், எது அழகு, எந்த வண்ணத்துக்கு எது இணை என்று தெரிவு செய்யும் கண்ணைப் பொறி எவர்க்கும் வழங்கிவிடவில்லை.

இவ்வளவு சொன்ன பின்னும், பிழைப்புக்காகவே ஓவியம் பயில வேண்டும் என்று வாதிடுவது அக்கலையைக் குறைத்துப் பேசுவதாகும். மகேந்திரவர்மப் பல்லவன் சித்திரகாரப்புலி என்னும் பட்டத்தை விரும்பிச் சூடினான். அவனுக்குச் சோற்றுக்குக் குறையில்லை. விடியற்காலையில் வாசல் தெளித்துப் புள்ளி எண்ணிக் கோலமிடும் பெண்களும் கூலி கருதி இடுவதில்லை. மாலைக்குள் மிதிபட்டு அழியும் என்பதை அறிந்தே இடுகின்றனர். தாமே கற்ற ஓவியர் என்று எவரையேனும் வணங்குவதாயின், முதல் வணக்கத்தை அவர்களுக்கே தரலாம்.

கானாடுகாத்தானில் பாரதியாரை இராமலிங்கனார் கண்டபோது, அவர் ஓவியர் என்று அறிந்த பாரதியார், தம்மை அவர் ஓவியத்தில் தீட்டினால் தாம் அவரைக் காவியத்தில் தீட்டுவதாக நகைத்துக் கூறினார் என்பர். அவ்விளைஞர் கவிதையும் எழுதுவார் என்று அறிந்ததும் பாரதியார் பாடச் சொல்லிக் கேட்டு மகிழ்ந்தார். அன்று தொடங்கிய பாராட்டு கவிதையின் பக்கமே பெருகிற்று. தூரிகைக்கும் அத்தகைய ஓர் ஆசானோ பள்ளியோ அருகில் வாய்த்திருந்தால், தமிழ்நாட்டு ஓவியம் என்னவெல்லாம் பெற்றிருக்கும் என்று எண்ணாமலிருக்க இயலவில்லை.

இன்று நிலை அத்துணைக் கடினமன்று. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கீழ்நிலை, மேல்நிலை என ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளை அரசே நடத்துகிறது. சிற்றூர் மாணவரும் அவற்றை எழுதலாம். இருப்பினும், தேர்வு நெருங்கும்போது பல பள்ளிகளில் முதலில் பறிபோவது ஓவியப் பாடவேளை. கணக்காசிரியரோ அறிவியலாசிரியரோ அதனைக் கேட்டு வாங்கிக்கொள்வர். ஓவிய ஆசிரியரும் மறுப்பதில்லை. வாரத்தில் ஒருமுறை வரும் அவ்வொரு பாடவேளையை ஓவியத்துக்கே விட்டுவிடுதல் வேண்டும். பாறையும் ஆறும் கொல்லிமலையும் சுற்றிலும் காத்திருக்கின்றன. மாணவரை வெளியே அழைத்துச் சென்று ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்தால் போதும், அதற்குப் பெருஞ்செலவும் இல்லை.