மொட்டை மாடியில் ஒரு மின்நிலையம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்த பிறகு சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழை விட்டு வெயில் வந்தும், மொட்டை மாடிகளில் விழுந்த அந்த வெயில் யாருக்கும் பயன்படாமல் போனது. நூம்பல் போன்ற புறநகரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு சூரிய மின் அமைப்பு இருக்க வேண்டும் என்பேன். 100 வாட் பேனல், சார்ஜ் கன்ட்ரோலர், 12 வோல்ட் பேட்டரி, சரியான ஃபியூஸ், இவ்வளவுதான். நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய 400 வாட்-மணி கிடைக்கும். இரண்டு எல்இடி விளக்கும், 28 வாட் பிஎல்டிசி மின்விசிறி ஒன்றும் இரவில் சில மணி நேரம் ஓட அது போதும். பேனலைத் தெற்கு நோக்கி, சுமார் 13 டிகிரி சாய்த்து வையுங்கள், தூசியைத் துடையுங்கள். ஆனால் வீட்டு மின் இணைப்போடு நீங்களே கோக்காதீர்கள்; மின்தடையின்போது உங்கள் மின்சாரம் வெளிக்கம்பிக்குத் திரும்பிப் பாயலாம், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது. அந்த இணைப்பைப் பதிவுபெற்ற நிறுவனத்திடம் விடுங்கள். அப்படி இணைக்கும் பெரிய அமைப்புக்கு, 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் உண்டு. முதலில் சிறிதாகத் தொடங்குவோம். தன் கையால் ஏற்றிய விளக்கு, மின்சாரத்தின் அருமையைப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தரும்.